‘கூட’ போய் ‘தான்’ வந்த கதை

“மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத பய.”

கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் ஒருவனைப் படிக்காதவன் என்று வைய வேண்டுமென்றால் இதைவிடச் சுருக்காக வைய முடியாது. கைநாட்டு என்றால் வெறும் தகவல். இதில் ஒரு காட்சியே இருக்கிறது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது, எதிரே பள்ளிக்கூடத் தாழ்வாரம் காலியாகக் கிடக்கிறது, ஆள் மட்டும் நனைந்துகொண்டே போகிறான். அத்தனை பகை அவனுக்கும் எழுத்துக்கும்.

இந்த வசவு அந்தக் கரிசல் மண்ணுக்கு மட்டும் சொந்தமில்லை, தமிழ்நாடு முழுக்க வழங்குகிறது. பிறந்த ஊரைச் சொல்ல வழியில்லை என்றாலும் வயதை ஒருவாறு ஊகிக்கலாம். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் வாத்தியார் வீட்டுத் திண்ணைதான் பள்ளிக்கூடம். அங்கே ஒதுங்கினால் வாத்தியார் வீட்டில் ஒதுங்கியதாகத்தான் பேச்சு. ஊருக்கென்று தனிக் கட்டடம் எழும்பி, அது பூட்டிக் கிடந்தாலும் வெளித் தாழ்வாரம் பொதுவாகக் கிடக்கிற நிலை வந்த பிறகே இந்த வசவு வாயில் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பொதுவாக என்று சொன்னதும் நாக்கு இடறுகிறது. ‘ஒதுங்கு’ என்ற சொல்லை ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி கேட்டதில்லை. மழைக்கு ஒதுங்குவது ஒன்று. பெரிய வீட்டுக்காரர் எதிரே வந்தால் பாதையை விட்டு ஒதுங்கி நிற்பது இன்னொன்று. அந்தத் தாழ்வாரத்தில் ஏற விடாமல் தடுக்கப்பட்ட பிள்ளைகளும் ‘மழைக்குக்கூட ஒதுங்காதவர்கள்’ கணக்கில்தான் வந்தார்கள். ஒதுக்கிவிட்டு, ஒதுங்கவில்லையே என்று எகத்தாளம் வேறு.

இந்த வசவின் வாழ்க்கையில் திருப்பம் நடந்தது இடைசெவலில். கோவில்பட்டியிலிருந்து தெற்கே கயத்தாறு போகிற நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். பெயரைப் பிரித்தால் கரிசலுக்கு இடையே கொஞ்சம் செவல் மண் என்றுதான் படுகிறது. எழுத்தாளர்கள் இருவர், 1922-இல் கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனும் 1923-இல் கு. அழகிரிசாமியும், இங்கே பிறந்தார்கள். அழகிரிசாமி பள்ளி இறுதிவரை படித்து, சார்பதிவாளர் அலுவலக வேலைக்குப் போனார். கி.ரா. எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. பின்னாளில் இருவருக்குமே சாகித்ய அகாதெமி விருது வந்தது வேறு கதை.

படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், படிக்காத எழுத்தாளருக்கு இரண்டு வழி உண்டு. ஏழ்மை, சீக்கு என்று காரணம் அடுக்கலாம், கி.ரா.வுக்குச் சீக்கும் நிறையவே இருந்தது, இளவயதில் காசநோயோடு மல்லுக்கட்டியவர். அல்லது வாழ்க்கையே பள்ளிக்கூடம் என்று தத்துவம் பேசலாம். அவர் இரண்டையும் விட்டுவிட்டு, ஊர் வைகிற வசவையே எடுத்துத் தன் தோளில் துண்டாகப் போட்டுக்கொண்டார். நானும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன்தான், ஆனால் மழைக்காகத்தான் ஒதுங்கினேன். ஒதுங்கிய இடத்திலும் மழையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று பொருள்படச் சொன்னார்.

இதில் மாறியது என்னவென்று பாருங்கள். மழை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஒதுங்குவதும் இருக்கிறது. ‘கூட’ போய்விட்டது, அந்த இடத்தில் ‘தான்’ உட்கார்ந்துவிட்டது. பழைய வசவின் விஷம் முழுக்க அந்தக் ‘கூட’வில்தான் இருந்தது. ஆடுமாடுகூட மழைக்கு ஒதுங்கும், இவன் அதற்கும் கீழே என்று ஆளைக் கடைசிப் படியில் இறக்கிவிடுகிற சொல் அது. ‘தான்’ வந்ததும் இறக்கப்பட்ட ஆள் நிமிர்ந்துகொள்கிறான்: நான் வந்த வேலை வேறு, உன் பாடம் எனக்கு எதற்கு என்கிறான். இப்படித் தனியே நின்று பொருள் தராத, மற்றொரு சொல்லை ஒட்டியே வாழ்கிற சொற்களுக்கு நம் இலக்கணத்தில் இடைச்சொல் என்று பெயர். அவற்றுக்கென்றே தொல்காப்பியத்தில் இடையியல் என்று ஓர் இயல் உண்டு. இடைசெவல்காரர் கைவைத்தது இடைச்சொல்லில். தற்செயல்தான், ஆனாலும் கி.ரா. காதில் போட்டிருந்தால் ஒரு சிரிப்பு சிரித்திருப்பார்.

கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது பொய். சில வருஷம் சிலேட்டோடு போனவர்தான். அந்தப் பொய்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. தன்னைக் குறைத்துச் சொல்கிறவன் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை.

ஆனால் ‘கூட’வை எடுத்துவிட்டுத் ‘தான்’ போடுவதோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல நக்கல், அவ்வளவே. அடுத்து வருகிற இரண்டாவது மழைதான் அதைக் கரிசல் வாக்கியம் ஆக்குகிறது. கோவில்பட்டி இருக்கிற தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 650 மில்லிமீட்டர்; தமிழகத்தின் சராசரி 900-ஐத் தாண்டும். அந்த 650-இலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி எல்லாமே மானாவாரி. கோடையில் ஆள் கால் இறங்குகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிற நிலம், மழை விழுந்ததும் உப்பி, வெடிப்பை மூடி, நடப்பவன் காலில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு செருப்பு மண்ணைக் கூட்டிவிடும். மழை பெய்தால் மில்லிமீட்டரா கேட்பார்கள்? ‘ஒரு உழவு மழை’, ‘ரெண்டு உழவு மழை’ என்று மண் நனைந்த ஆழத்தை ஏர்க்கணக்கில் சொல்வார்கள். இங்கே மழையை வேடிக்கை பார்ப்பது சோம்பல் இல்லை, சம்சாரியின் வேலையில் பாதி அதுதான். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நின்று மழையைப் பார்த்த பையன் தன் ஊர்ப் பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தான். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் இந்தக் கனம் வந்திருக்காது.

இதற்கிடையில் மூல வசவுக்குக் காலடி மண் சரியத் தொடங்கியது. 1956-இல் கோவில்பட்டிக்குப் பக்கத்து எட்டயபுரத்தில்தான் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மழைக்கு ஒதுங்காத பிள்ளைகள் பசிக்கு ஒதுங்கினார்கள், கூடவே எழுத்தும் ஒட்டிக்கொண்டது. எல்லோருக்கும் ஒட்டவில்லை. மழை குறைந்த வறட்டுக் காற்று தீக்குச்சி காய்வதற்கு வாகு என்பதால் இங்கே தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகியிருந்தன. விடியுமுன் வண்டி வந்து கிராமத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்த பிறகும் அது ஒரே நாளில் நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பார்த்து மழைக்குக்கூட ஒதுங்காதவர்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

கி.ரா.வின் திருப்பம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1950-களின் கடைசியில் ‘சரஸ்வதி’ இதழில் கதை எழுதத் தொடங்கியவர், 1982-இல் கரிசல் மக்களின் சொற்களையும் சொலவடைகளையும் திரட்டி வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றே போட்டார். பேச்சு வழக்குக்கு அகராதி எதற்கு என்று பண்டிதர்கள் முகம் சுளிக்கிற வேலை. அதே 1982-இல் ஜெர்மன் மொழியில் வொல்ஃப்காங் மீடர் என்ற பழமொழி ஆய்வாளர், மக்கள் திருகிப் போட்ட பழமொழிகளைத் தொகுத்து முதல் தொகுதி கொண்டுவந்தார். ‘எதிர்ப்பழமொழி’ என்று பொருள்படும் ஒரு பெயரும் வைத்தார். கி.ரா.வின் மழை அந்தத் தொகுதிக்கு எட்டியிருக்காது. எட்டியிருந்தால் முதல் பக்கத்தில் போட்டிருக்கலாம்.

பிறகு ‘ஜூனியர் விகடனில்’ கரிசல் காட்டுக் கடுதாசி. பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி, நாட்டார் கதைகளைத் திரட்டுகிற பணி. எட்டாவது தாண்டாதவர் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அந்த வாக்கியத்துக்கு மறுபடி ஒரு பொருள் ஏறியது. கூட்டங்களில் அவரை அறிமுகப்படுத்துகிறவர்கள் எல்லோருக்கும் அதுவே முதல் வரி. கைதட்டல் உறுதி என்பதால் சிலர் அதற்கு மேல் அவர் எழுதிய எதையும் படிக்கவில்லையோ என்றும் எனக்குச் சந்தேகம்.

இன்று அந்த வாக்கியத்தின் அச்சில் யார் யாரோ வார்க்கிறார்கள். நானும் ஒன்று வார்த்துப் பார்த்தேன்: வெயிலுக்குத்தான் ஏ.டி.எம்.முக்குள் ஒதுங்கினேன், அங்கேயும் ஏசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திரை வெயிலில் கோவில்பட்டி பேருந்து நிலையப் பக்கம் நின்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் சொன்ன மறுநாள் வாடிவிடுகிறது. ஏசியைப் பார்த்து யாரும் விதைக்கப் போவதில்லையே.

2021 மே 17 இரவு கி.ரா. புதுச்சேரியில் காலமானார். உடல் இடைசெவலுக்கு வந்தது, அரசு மரியாதையோடு அடக்கம். கோவில்பட்டியில் சிலை, நினைவகம் என்று அரசு அறிவித்தது. 2022 டிசம்பரில் நினைவரங்கம் திறந்தாயிற்று. அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது: இடைசெவலில் அவர் படித்த பள்ளிக்கூடத்தைப் புதுப்பிப்பது. மழைக்கு ஒதுங்கிய கட்டடத்துக்கு அரசாங்கச் செலவில் பழுதுபார்ப்பு. அடுத்த ஐப்பசியில் அந்தப் பக்கம் போனால், வகுப்பறைச் சன்னல் காட்டைப் பார்த்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.