குதிரை விலையும் குட்டி யானை விலையும்

சென்ற ஆண்டு மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து, வீராணம் ஏரிக்கரைச் சாலையில் வைக்கோல் கட்டுகள் வண்டிகளில் போய்க்கொண்டிருந்த நாள்கள். என் பழைய மாணவர் ஒருவர் காட்டுமன்னார்கோயிலில் என் வீட்டுக்கு வந்திருந்தார். இளங்கலைத் தமிழ் படித்தவர். இப்போது வாடகைக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். டாட்டா ஏஸ் என்னும் சிறிய சரக்கு வண்டி 2005இல் அறிமுகமானது. தமிழ்நாட்டில் அதன் பெயரைச் சொல்வோர் குறைவு. ‘குட்டி யானை’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தம்முடைய குட்டி யானையைக் கொடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய புதிய பிக்கப் வண்டி ஒன்றை வாங்க அவர் நகரத்துக்குப் போயிருக்கிறார்.

நிறுவனம் அறிவித்த விலைக்கு வண்டி வேண்டுமென்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரமே வேண்டுமென்றால் ஒரு வண்டி தயாராக நிற்கிறது. ஆனால் அதில் இருக்கை உறையும் தரைவிரிப்பும் கம்பி வேலையும் ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது; அவற்றுக்குத் தனியாக முப்பதாயிரத்துக்கும் மேல் தர வேண்டும். காப்பீடும் அவர்களிடமே எடுக்க வேண்டும். “ஐயா, வண்டியின் விலை வேறு, வண்டி கிடைக்கிற விலை வேறு என்று ஆகிவிட்டது” என்றார் அவர்.

அவர் போன பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு விலை உயர்ந்த ஊர்தி என்றவுடன் நினைவுக்கு வருவது குதிரைதான். ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதே எங்கள் ஏரிக்கரையில், குதிரை மேல் வரும் வந்தியத்தேவனோடுதான். அதை வாசிக்கையில் அந்தக் குதிரை எங்கிருந்து வந்தது, என்ன விலைக்கு வந்தது என்று நாம் யோசிப்பதில்லை. ஆனால் இந்த மண்ணில் வண்டியின் விலைக்கும் கிடைக்கிற விலைக்கும் இடையே இருந்த தூரத்தை அறிய வேண்டுமானால் குதிரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குதிரை தமிழகத்தின் விலங்கு அன்று. நமது வெப்பமும் ஈரமும் புல்லும் நல்ல போர்க்குதிரைகளை வளர்க்க ஏற்றவை அல்ல. ஆகவே அது எப்போதும் இறக்குமதிப் பொருளாகவே இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்த பொருள்களைச் சொல்லும் பட்டினப்பாலையில் குதிரைகளுக்கே முதலிடம். பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்தைச் சேர்ந்த ‘குதிரைச் செட்டிகள்’ குறிப்பிடப்படுகின்றனர். கோயில்களுக்குக் கொடையளிக்கும் அளவுக்கு அவர்களிடம் செல்வம் இருந்தது. நாட்டில் விளையாத பொருள். அது இல்லாமல் போர் நடவாது. விற்பவர் சிலர், வாங்கத் துடிப்பவர் பலர். விற்பவர் சொன்னதே விலையாவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த விலையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான செய்திகள் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை. 1290களில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஒரு குதிரை 100 மார்க் வெள்ளிக்கும் மேலான பொன்னுக்கு விலைபோவதாக எழுதினார். ஓர் அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார். அவருடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு எஞ்சுவதில்லை என்கிறார். காரணமும் சொல்கிறார். ஹோர்முஸ், கைஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை கொண்டுவரும் வணிகர்கள் குதிரை வைத்தியர்களைத் தாமும் அழைத்து வருவதில்லை, பிறரை வரவும் விடுவதில்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே வணிகம் நடக்கும்?

அயல்நாட்டாரின் இத்தகைய கூற்றுகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தட்பவெப்பமும் தீவனமுமே பல குதிரைகளைக் கொன்றிருக்கும். ஆனால் ஒரு பொருளின் தட்டுப்பாடு இயற்கையானதா, ஏற்படுத்தப்பட்டதா என்ற ஐயம் அன்றைக்கே எழுந்திருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்த ஐயம் இன்றுவரை தீரவில்லை.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்தி இன்னும் துல்லியமானது. கைஸ் தீவின் ஜமாலுத்தீன் என்னும் பெருவணிகருக்கும் பாண்டிய அரசுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். வழியில் குதிரை இறந்தாலும் அதற்குரிய விலையை அரசின் கருவூலம் தந்துவிட வேண்டும். பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் அனுப்பப்பட்டன என்றும், மொத்த விலை 22 லட்சம் தினார் என்றும் கணக்குச் சொல்கிறார். தரகு பார்க்கவும் வெளியாள் தேவைப்படவில்லை; ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டிய அரசிலேயே அமைச்சர் நிலையில் இருந்தார்.

அந்த 22 லட்சம் எங்கிருந்து வந்தது? கோயில்களின் நிலங்கள், அறக்கொடைகள் ஆகியவற்றின் வருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்த பெண்கள் மீதான வரியிலிருந்தும் வந்தது என்கிறார் வஸ்ஸாஃப். தொகை மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம். ஆனால் இந்தக் குறிப்பைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு மாணிக்கவாசகர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது.

திருவிளையாடல் கதை நாம் அறிந்ததே. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னோடு புறப்பட்ட அமைச்சர் வாதவூரர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு அந்தப் பொன்னைக் கோயில் பணிக்கே செலவிட்டுவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் குதிரை வணிகனாகத் தானே வந்து மதுரையில் ஒப்படைக்கிறான். இரவில் பரிகள் மீண்டும் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. இந்தக் கதையில் குதிரைப் பணம் கோயிலுக்குப் போகிறது. வஸ்ஸாஃப் எழுதிய வரலாற்றிலோ கோயில் பணம் குதிரைக்குப் போகிறது. கதை நேர் எதிராகத் திரும்பி நிற்கிறது. பெரும்பொருள் கொடுத்து வாங்கியவை விரைவிலேயே இல்லாமற் போன அனுபவமும், அந்தப் பொன் வேறு எதற்காவது பயன்பட்டிருக்கலாமே என்ற ஏக்கமும் பக்திக் கதையாக உருக்கொண்டனவோ என்று நான் எண்ணுவதுண்டு. இது என் ஊகமே. சான்று கேட்டால் தர இயலாது. அந்த மாணிக்கவாசகர் இறைவனோடு கலந்ததாக மரபு சொல்லும் தில்லை, எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்.

தில்லையின் வடக்குக் கோபுரம் கிருஷ்ணதேவராயரின் திருப்பணி. அவரது விஜயநகரமும் குதிரைகளால் நின்ற அரசுதான். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த போர்த்துகீசியக் குதிரை வணிகர் பெர்னாவ் நூனிஸ் ஒரு குறிப்பேடு எழுதியிருக்கிறார். சாளுவ நரசிம்மர் 1,000 வராகனுக்கு மூன்று குதிரைகள் என்ற கணக்கில், உயிருள்ளவற்றையும் இறந்தவற்றையும் வாங்கினார் என்கிறது அது. கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். முழு விலையும் கிடைக்கும். வணிகருக்கு இழப்பு என்பதே இல்லாத வணிகம்.

நூனிஸ் சொல்லும் இன்னொரு செய்தி அதைவிட முக்கியமானது. அரசர் ஆண்டுதோறும் ஹோர்முஸ் குதிரைகளும் உள்நாட்டுக் குதிரைகளுமாக 13,000 வாங்குவார். சிறந்தவற்றைத் தமக்கு வைத்துக்கொண்டு, உள்நாட்டுக் குதிரைகளை 1,000 வராகனுக்கு ஐந்து என்ற விலையில் தம் படைத்தலைவர்களிடம் தள்ளிவிடுவார். அவர்கள் செப்டம்பர் மாதத்துக்குள் பணம் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்தைக் கொண்டே போர்த்துகீசியருக்கு அரபுக் குதிரைகளின் விலை தீர்க்கப்படும். கருவூலத்திலிருந்து ஒரு காசும் வெளியே போவதில்லை. அரசரே பெரிய விற்பனையாளர். படைத்தலைவர்கள் வேறு வழியில்லாத வாங்குவோர். படைத்தலைவர்கள் அந்தப் பணத்தை எங்கே எடுத்திருப்பார்கள்? தங்களுக்கு விடப்பட்ட நிலங்களின் குடிகளிடம்தான். விளைச்சலில் மிகப் பெரும் பங்கு மேலே போய்விடுகிறது என்று அதே நூனிஸ் எழுதுகிறார்.

ஆகக் குதிரையின் வரலாற்றில் இரண்டு கேள்விகள் உள்ளன. தட்டுப்பாட்டை யார் உண்டாக்கினார்கள்? ஏறிய விலையை முடிவில் யார் சுமந்தார்கள்? இரண்டாவது கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை.

விடுதலைக்குப் பின் வந்த இயந்திர ஊர்திகளின் கதையிலும் இக்கேள்விகள் திரும்ப வருகின்றன. இம்முறை தட்டுப்பாட்டை உண்டாக்கியது கடல் கடந்த வணிகர் அல்லர். நம் அரசின் உரிமக் கொள்கை. எந்த ஆலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசு முடிவு செய்தது. கார் என்றால் அம்பாசடர், பியட், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றே. 1959இல் கார்களுக்கும் 1960இல் ஸ்கூட்டர்களுக்கும் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தன. முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பத்தாண்டுகள் காத்திருந்தவர்களை என் தலைமுறையினர் நேரிலேயே அறிவோம். அரசு ஊழியருக்கு ஓர் ஒதுக்கீடு, அந்நியச் செலாவணியில் பணம் செலுத்துவோருக்கு ஓர் ஒதுக்கீடு. இவற்றின் விளைவு, ஒதுக்கீட்டுக் கடிதமே ஒரு சரக்கானது. வண்டியை ஓட்டும் எண்ணமே இல்லாதவரும் பதிவு செய்து, முறை வந்ததும் ‘பிளாக்கில்’ கைமாற்றினார். சில ஆண்டுகள் ஓடிய வண்டி, புது வண்டியின் அறிவிக்கப்பட்ட விலையைவிடக் கூடுதலாக விற்ற விந்தையும் நடந்தது.

டிராக்டருக்கும் இதே நிலைதான். 1960களின் பிற்பகுதியில் குறுகிய கால நெல் வகைகள் காவிரிப் பாசனப் பகுதியில் பரவின. குறுவை அறுத்துத் தாளடி நடுவதற்கு இடையில் கிடைக்கும் நாள்கள் குறைவு. எருதுகளை நம்பி உழுதால் பருவம் தப்பும். சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே உள்ளிட்ட ஆலைகள் இருந்தும் நாட்டின் தேவைக்கு அவை போதவில்லை. 1967இல் விலைக் கட்டுப்பாடும், 1971இல் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையும் வந்தன. நோக்கம் நல்லதுதான், உழவர் ஏமாறக் கூடாது என்பதே. ஆனால் விலையைக் கட்டிவைத்துவிட்டு உற்பத்தியைப் பெருக்காவிட்டால், கட்டுப்பட்ட விலைக்கும் ஆசைக்கும் இடையிலுள்ள பணம் இடைத்தரகரின் பைக்குள் போய்ச் சேரும்.

1983இல் மாருதி காருக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலா 10,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்தனர். அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று முதல் கார்கள் உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் அதற்கும் வெளிச்சந்தையில் கூடுதல் விலை இருந்தது. உற்பத்தி பெருகி, 1993இல் கார்த் தொழிலுக்கு உரிம முறையும் நீக்கப்பட்ட பிறகு அந்தக் கூடுதல் விலை தானே கரைந்தது. கட்டளை செய்ய இயலாததை உற்பத்தி செய்தது.

அத்துடன் கதை முடிந்துவிட்டதாக நாம் நினைத்தோம். 2021, 2022 ஆண்டுகளில் உலகெங்கும் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் அது மீண்டும் தொடங்கியது. அமெரிக்காவில் ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் பரிந்துரை விலையை ஒட்ட வேண்டும் என்று 1958ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்குமேல் விற்கக் கூடாது என்று அச்சட்டம் சொல்லவில்லை. பிக்கப் வண்டிகள் அந்நாட்டவரின் பெருமோகம். ஃபோர்டின் மின்சாரப் பிக்கப் வண்டிக்குப் பதிவு செய்தவர்களிடம் சில விற்பனையாளர்கள் ‘சந்தைச் சரிக்கட்டல்’ என்ற பெயரில் பெருந்தொகை கேட்க, 2022 தொடக்கத்தில் நிறுவனமே அவர்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் டொயோட்டா ஹைலக்ஸ் என்னும் பிக்கப் வண்டிக்கு 2022 ஜனவரியில் பதிவு தொடங்கியது. அடுத்த மாதமே, கேட்போர் மிகுதி என்று பதிவு நிறுத்தப்பட்டது. மார்ச் இறுதியில் அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 33.99 லட்சம் ரூபாய். ஓராண்டு கழித்து, 2023 மார்ச்சில் அந்த அடிப்படை வகையின் விலையை நிறுவனமே மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைத்தது. அவசரப்பட்டவருக்கு ஒரு விலை, காத்திருந்தவருக்கு ஒரு விலை.

ஆனால் காத்திருப்பதற்கும் வசதி வேண்டும். பொழுதுபோக்குக்காகப் பிக்கப் வாங்குபவர் ஓராண்டு பொறுக்கலாம். அறுவடைக் காலத்தை நம்பி வாங்குபவர் மூன்று மாதம் பொறுத்தால் அந்த ஆண்டின் வருமானமே போய்விடும். கூடுதல் விலை வண்டியின் மதிப்பை அளப்பதில்லை. வாங்குபவரின் அவசரத்தை அளக்கிறது. போர் நெருங்கும்போது அரசனுக்கு இருந்த அவசரமும், நடவு நெருங்கும்போது உழவருக்கு இருந்த அவசரமும், அறுவடை வேளையில் என் மாணவருக்கு இருந்த அவசரமும் விற்பவரின் கண்ணில் ஒன்றே.

மாணவர் அந்த வண்டியைத்தான் வாங்கினார். காப்பீட்டை எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள உமக்கு உரிமை உண்டு, பொருத்திய பொருள்களுக்குத் தனி ரசீது கேளும் என்று நான் சொல்லியனுப்பினேன். ரசீது கிடைத்தது, தொகை குறையவில்லை. இவ்வாண்டு தை மாதம் எங்கள் வைக்கோலை ஏற்ற வந்தபோது நடை ஒன்றுக்கு இருநூறு ரூபாய் கூட்டிக் கேட்டார். “தவணை கட்ட வேண்டுமே ஐயா” என்றார் தயக்கத்தோடு. கொடுத்தேன். எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. அதே கூடுதல் வாடகையை ஏரிக்கரையில் கத்தரிக்காய் பயிரிடும் குத்தகைக்காரர்களும் கொடுக்கிறார்கள். அவர்களால் கத்தரிக்காயின் விலையைக் கூட்ட முடியவில்லை.

குதிரைக்கு அரசர் கொடுத்த விலையை மார்க்கோ போலோவும் வஸ்ஸாஃபும் நூனிஸும் எழுதி வைத்துப் போனார்கள். அந்த விலைக்காக வீராணத்துப் பாசனத்தில் ஒரு குடியானவர் எத்தனை கலம் நெல் கூடுதலாக அளந்தார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.