கட்சிக்காரன் கையில் செய்தியாளன் பேனா

"கட்சிக்காரன் செய்தி எழுதலாமா?" என்று கேட்கின்றனர்.

கறுப்புச் சட்டை அணிந்த இளைஞன், சாதி ஒழிய வேண்டும் என மேடையில் முழங்குபவன், ஒரு நாளேட்டில் செய்தியாளனாகச் சேர்ந்துவிட்டால் போதும், "இனி உண்மை எங்கே வரப்போகிறது!" என்று உதட்டைப் பிதுக்குகின்றனர். கோயில் அறங்காவலரோ ஆலை முதலாளியின் உறவினரோ அதே நாற்காலியில் அமர்ந்தால், அவர் நடுநிலையாளர்! நெற்றியில் நீறு பூசினால் நடுநிலை; நெஞ்சில் கொள்கை இருந்தால் ஓரவஞ்சனை. விந்தையான துலாக்கோல் அல்லவா இது?

எனினும், கேட்பவர்மீது சினம் வேண்டாம். கேள்வி கேட்கத் தகுந்ததே. பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்ளும் நாம், விடையை விருப்பத்திடம் கேட்கலாகாது, வரலாற்றிடம் கேட்போம்.

1851ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரில் சோஹோ பகுதி, டீன் தெரு. இரண்டே அறைகளில் குடும்பத்தோடு ஒடுங்கிக் கிடந்தார் ஒரு ஜெர்மானிய அகதி. அவர் ஆசிரியராக இருந்த கொலோன் நகரத்து ஏட்டை 1843இல் பிரஷ்ய அரசு மூடிற்று. மீண்டும் அங்கே ஓர் ஏடு தொடங்கினார். 1849இல் அதற்கும் அதே கதி. கடைசி இதழைச் சிவப்பு மையில் அச்சிட்டு விடைபெற்றார். தோழர் ஏங்கெல்சுடன் சேர்ந்து 1848இல் பொதுவுடைமைக் கட்சியின் அறிக்கையை எழுதியவர். ஆம், காரல் மார்க்ஸ்!

அவரைத் தன் செய்தியாளராக அமர்த்திக்கொண்டது எந்த ஏடு? பொதுவுடைமை ஏடன்று. அமெரிக்காவிலே ஹொரேஸ் கிரீலி 1841இல் நிறுவிய 'நியூயார்க் டிரிபியூன்'. அடிமை முறையை எதிர்த்த ஏடு. அந்நாட்டில் பெருவாரியாகப் பரவிய ஏடுகளுள் ஒன்று. அதன் நிர்வாக ஆசிரியர் சார்லஸ் டேனா 1848இல் கொலோன் நகரில் மார்க்சைக் கண்டவர். யார் என்று தெரிந்தேதான் அழைத்தார். தொடக்கத்தில் கட்டுரைக்கு ஒரு பவுன் ஊதியம். 1862 வரை உறவு நீடித்தது. வெளிவந்த கட்டுரைகள் ஐந்நூறை நெருங்கும். அவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஏங்கெல்சின் கைவண்ணம்.

1853இல் அவ்வேடு தன் வாசகர்க்கு வெளிப்படையாகவே அறிவித்தது: மார்க்சின் கருத்துகள் சிலவற்றை நாங்கள் ஏற்கவில்லை; ஆனால் ஐரோப்பிய அரசியலை அறிய விரும்புவோர் அவர் கடிதங்களைப் படிக்காவிடில் இழப்பு அவர்க்கே என்னும் பொருள்பட. ஒளிவு இல்லை, மறைவு இல்லை. ஆளும் தெரியும், அவர் கொடியும் தெரியும். படித்து முடிவு செய்வது வாசகன் பொறுப்பு.

அந்தப் பேனா நம் மண்ணையும் தொட்டது, தோழர்களே!

சென்னை மாகாணத்திலே நிலவரி வசூலிக்கக் குடியானவர்களை வதைத்து வந்தனர். விரல்களை நெரிக்கக் கிட்டி. கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிய வைக்கும் அண்ணாந்தாள். சென்னையில் 'கிரசென்ட்' ஏட்டை நடத்தியவரும், 1852இல் சென்னைச் சுதேசி சங்கத்தை நிறுவியவருமான கஜுலு லட்சுமிநரசு செட்டியார் இதை வெளிக்கொணரப் பாடுபட்டார். 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. விசாரணைக் குழு அமைந்தது. வரிக்காக வதை நடப்பது உண்மையே என்று 1855இல் அது அறிக்கை தந்தது.

1857இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, "இந்தியரின் கொடுமை, கொடுமை!" என்று இலண்டன் ஏடுகள் கதறின. மார்க்ஸ் கதறவில்லை, நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அரசின் ஆவணங்களையே கையில் எடுத்தார். சென்னைக் குழுவின் அறிக்கையை எடுத்துக் காட்டினார். குழு சென்னை நகரில் மட்டுமே மூன்று திங்கள் அமர்ந்தது, ஊரை விட்டு வர இயலாத ஏழைகள் எங்ஙனம் முறையிடுவர் என்று சுதேசி சங்கம் அனுப்பிய விண்ணப்பத்தையும் எடுத்துக் காட்டினார். குடிகளை இப்படி வதைத்த அந்நியரை வெளியேற்ற முயல்வது நியாயமன்றோ என்று கேட்டு முடித்தார். 1857 செப்டம்பர் 17இல் அது வெளிவந்தது. குடியானவன் முனகல் கடல் கடந்து நியூயார்க்கில் ஒலித்தது, ஒரு கட்சிக்காரன் பேனாவால்!

ஆனால், அக்கட்டுரையில் மார்க்சின் பெயர் இல்லை; ஏடு அதைத் தன் தலையங்கமாகவே வெளியிட்டது. ஏங்கெல்ஸ் எழுதிய பல, மார்க்ஸ் பெயரில் வந்தன. வாசகனிடம் மறைத்தது மறைத்ததுதான். பாராட்டும் வாயால் இதையும் சொல்ல வேண்டும்.

மார்க்ஸ் வழுவவே இல்லையா? வழுவினார். ஆங்கில அமைச்சர் பாமர்ஸ்டன் இரஷ்யாவின் கைக்கூலி என்று நம்பினார். ஐயம் இருந்தது, சான்று இல்லை. இரயில் தரும் தொழில் வளர்ச்சி இந்தியச் சாதியைக் கரைக்கும் என்று 1853இல் எழுதினார். இரயில் வந்தது, சாதியும் சீட்டு வாங்காமல் அதிலே ஏறி வந்தது! நிலைய உணவு விடுதிகளில் பார்ப்பனர்க்குத் தனியிடம் இருந்ததும், பெரியார் அவர்களின் போராட்டத்துக்குப் பின் 1941இல் அது ஒழிந்ததும் நாம் அறிந்ததே. ஆவணம் கையில் இருந்தபோது அந்த மேதை அசைக்க முடியாதவர். ஆசையும் ஐயமும் வழிநடத்தியபோது அவரும் இடறினார்.

இன்னும் இரண்டு பெயர்களைக் கேளுங்கள். கிளாட் காக்பர்ன், பிரிட்டிஷ் பொதுவுடைமையர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, மொராக்கோவின் தெத்துவான் நகரில் பிராங்கோவுக்கு எதிராகக் கலகம் என்று 1938இல் பாரிசில் உட்கார்ந்தே செய்தி புனைந்தார். குடியரசுப் படைக்கு ஆயுதம் செல்லப் பிரெஞ்சு எல்லை திறக்க வேண்டும் என்பது நோக்கம். பின்னாளில் அவரே அதை ஒப்புக்கொண்டார். நோக்கம் நன்று; செய்தி பொய். வாசகனை ஏமாற்றிய குற்றத்தை நோக்கம் கழுவிவிடாது.

மற்றவர் வால்டர் டுராண்டி. எக்கட்சியிலும் உறுப்பினர் அல்லர். 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டின் மாஸ்கோ செய்தியாளர். 1932இல் புலிட்சர் பரிசு பெற்றவர். உக்ரைனில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்த 1933இல், பஞ்சத்தை நேரில் கண்டு சொன்ன கேரத் ஜோன்ஸ் என்னும் இளைஞரை மறுத்து, பட்டினிச் சாவு இல்லை என்று எழுதினார்.

கட்சி அட்டை வைத்திருந்தவர் பொய் சொன்னார். அட்டையே இல்லாதவரும் பொய் சொன்னார். அட்டை வைத்திருந்த இன்னொருவர், அரசே மறுக்க முடியாத உண்மையை உலகுக்குச் சொன்னார். ஆகவே, உண்மையை அளக்கும் கோல் அட்டையன்று. சான்று எங்கே? மறைத்தது என்ன? இவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

ஏடு நடத்துவோரே, கொள்கை உடையவன் என்பதற்காக எவனுக்கும் கதவடைக்காதீர். அவன் யார் என்பதை வாசகனுக்கு மறைக்கவும் செய்யாதீர். எழுதும் இளைஞனே, நீயும் ஒன்று செய். எதிரியின் குற்றத்துக்குத் தேடும் சான்றை, நம்மவர் பெருமைக்கும் தேடு. நம் கூட்டத்துக்கு நூறு பேர் வந்தால் நூறு என்றே எழுது, ஆயிரம் ஆக்காதே. நம் தலைவர் தவறினால் அதையும் எழுது. சாத்திரம் சொல்வதால் மட்டும் உண்மையாகாது என்று ஊருக்கு உரைக்கும் நாம், கட்சி சொல்வதால் மட்டும் உண்மையாகிவிடும் என்று நம்பலாமா?

சட்டை கறுப்பாகவே இருக்கட்டும். கணக்கு மட்டும் வெள்ளையாக இருக்க வேண்டும்.