கதை பயில்வோரின் மின்நூலகம்

கதை எழுதப் பழகுவோருக்கு நல்ல கதைகளே முதன்மைப் பாடநூல். 1933-இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழும், 1959 முதல் சி. சு. செல்லப்பா நடத்திய ‘எழுத்து’ம் சென்னையில் அச்சாகிச் சிறிய வாசக வட்டத்தையே எட்டின. மேல்விஷாரம் போன்ற தோல் தொழில் ஊர்களில் அவற்றின் பழைய இதழ்களைத் தேடிப் பிடிப்பது எளிதன்று.

பெரிய மாற்றம் 1998 பொங்கலன்று வந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் தற்கால எழுத்து வரை தட்டச்சு செய்து, பிழை திருத்தி, கட்டணமின்றி இணையத்தில் வைத்தனர். கூலி வாங்காத இந்த உழைப்புக்குத் தமிழ் வாசகர் பெரிதும் கடன்பட்டவர். எழுத்தாளர்களின் நூல்களை அரசு பொதுவுடைமையாக்கும் நாட்டுடைமை ஏற்பாடும் இதற்குத் துணைநின்றது: கல்கி, புதுமைப்பித்தன் படைப்புகளை எவரும் வெளியிட வழி பிறந்தது. ஈழத்து நூல்களுக்கு 2005-இல் நூலகம் திட்டம் உருவானது. 2009-இல் ‘சொல்வனம்’ இணைய இதழ் வந்தது.

ஆனால் மேல்விஷாரம் போன்ற ஊர்களின் வட்டார வாழ்வைக் கதையாக்கும் வித்தையை நாவல்களே கற்பிக்கின்றன. திண்டுக்கல் தோல் தொழிலாளரைப் பற்றிய டி. செல்வராஜின் ‘தோல்’ 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் ‘தகப்பன் கொடி’ நிலமிழந்த தலித் மக்களைப் பேசுகிறது.