ஐந்தே மாதங்களில் முடிந்த அரபுக் கூட்டாட்சி

1958 பெப்ரவரி 14ஆம் திகதி ஈராக்கும் ஜோர்தானும் ‘அரபுக் கூட்டாட்சி’ என்ற பெயரில் இணைந்தன. ஈராக் மன்னர் இரண்டாம் பைஸலும் ஜோர்தான் மன்னர் ஹுஸைனும் மக்காவின் ஷரீப் ஹுஸைன் பின் அலியின் கொள்ளுப்பேரர்கள். எகிப்தும் சிரியாவும் ஜமால் அப்துல் நாஸரின் தலைமையில் ஒன்றிணைவதாக இரு வாரங்களுக்கு முன்னர் அறிவித்திருந்தன. அந்த அலை தமது சிம்மாசனங்களையும் அடித்துச் சென்றுவிடும் என்ற அச்சமே இரு மன்னர்களையும் இணைத்தது.

கூட்டாட்சியின் தலைவராக பைஸலும், பின்னர் அதன் பிரதமராக நூரி அல்-ஸயீதும் பொறுப்பேற்றனர். ஆனால், ஈராக் அங்கம் வகித்த பக்தாத் ஒப்பந்தத்தில் ஜோர்தான் சேரவில்லை.

ஜூலையில் ஜோர்தானைப் பாதுகாக்கவென ஈராக்கியப் படையணியொன்று அனுப்பப்பட்டது. அது வழியில் பக்தாதுக்குள் நுழைந்து, 14ஆம் திகதி அதிகாலை ஆட்சியைக் கவிழ்த்தது. 23 வயதான பைஸல் குடும்பத்தினருடன் கொல்லப்பட்டார். ஓகஸ்ட் 2ஆம் திகதி ஹுஸைன் கூட்டாட்சியைக் கலைத்தார்.

நாஸரின் ஒன்றியமும் 1961இல் சிரியா விலகியதோடு உடைந்தது. முடியாட்சியோ குடியரசோ, மக்களோடு மஷூரா செய்யாமல் மேலிருந்து அறிவிக்கப்பட்ட ஒற்றுமை நிலைக்கவில்லை. உம்மத்தின் ஒற்றுமை பற்றிப் பேசுவோர் இதனை மறந்துவிடலாகாது.