அன்புகூர்தல்: தமிழ்க் கிறித்தவ வழக்கில் ஒரு சொல்லின் வளர்ச்சி

முன்னுரை

அன்பில் நாளும் வளர்தலே கிறித்தவ வாழ்வு என்பது அச்சமயத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகும். பவுலின் திருமுகங்களில், திருச்சபையாரின் அன்பு மேன்மேலும் மிக வேண்டும் என்ற வேண்டுதல் திரும்பத் திரும்ப வருகிறது. இக்கொள்கையைத் தமிழில் கூற முற்பட்டோர் எச்சொற்களைக் கையாண்டனர், அச்சொற்கள் தமிழ் மரபில் பெற்றிருந்த பொருள் எவ்வாறு விரிந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொச்சி அச்சேடு

தமிழ்க் கிறித்தவ உரைநடையின் தொடக்ககால வரலாற்றில் மூன்று நூல்கள் குறிப்பிடத்தக்கவை. 1554இல் லிசுபனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ்க் கார்த்தில்யா முதலாவது. 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இரண்டாவது. 1579 நவம்பர் 14இல் கொச்சியில் தேவமாதா கல்லூரியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' மூன்றாவது. பின்னிரண்டையும் மொழிபெயர்த்தவர், முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய அண்டிரிக்கு அடிகளார். கொச்சி நூல், மார்க்கோசு சோர்சு என்பார் போர்த்துக்கீசிய மொழியில் இயற்றிய ஞானோபதேசத்தின் தமிழாக்கமாகும். மூலம் ஆசிரியனும் மாணவனும் வினவி விடையிறுக்கும் அமைப்பினது. எனவே பேசும் மொழிக்கு அணுக்கமான உரைநடை ஒன்று அச்சேறும் தேவை அப்போதே எழுந்தது.

அக்காலத்தில் கொச்சி இரு நகரங்களாக விளங்கியது. கோட்டை சூழ்ந்த கீழ்க்கொச்சி போர்த்துக்கீசியருடையது. மேல்கொச்சி எனப்பட்ட மட்டாஞ்சேரி கொச்சி அரசருடையது. தமிழ் அச்சேடு பிறந்த நகரத்தை அடுத்துள்ள இந்த மட்டாஞ்சேரியில், 74 ஆண்டுகளுக்குப் பின், கிறித்தவர்க்குள்ளே ஒரு பெரும் பிளவு நிகழ்ந்தது. அதனை இறுதியில் காண்போம்.

அன்பும் அருளும்

மொழிபெயர்ப்பாளர் எதிர்கொண்ட முதற்சிக்கல், தமிழில் அன்பைக் குறிக்கும் சொல் இல்லாமையன்று, பல இருந்தமையே. திருக்குறள் அன்புடைமையை 8ஆம் அதிகாரமாக இல்லறவியலிலும், அருளுடைமையை 25ஆம் அதிகாரமாகத் துறவறவியலிலும் வைக்கிறது. பரிமேலழகர் இவற்றின் வேறுபாட்டைத் தெளிவுறுத்துகிறார். தொடர்புடையார் மேல் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்கள் மேலும் செல்வது அருள். 757ஆம் குறள் அருளை அன்பு ஈன்ற குழவியாக உருவகிக்கிறது. ஆகவே அன்பு முதிர்ந்து அருளாகும் என்ற வளர்ச்சிக் கருத்து, கிறித்தவம் வருமுன்னரே தமிழில் நிலைபெற்றிருந்தது.

இவ்வரையறையின்படி, அயலாரையும் பகைவரையும் தழுவும் கிறித்தவ அன்புக்கு 'அருள்' என்பதே பொருத்தமான சொல்லாகத் தோன்றும். ஆயின் வழக்கு வேறு வழியிற் சென்றது. இறைவன் மனிதர்க்கு இலவசமாக வழங்கும் கொடையைக் குறிக்க ஒரு தனிச்சொல் வேண்டியிருந்தது. அதற்குப் பழைய கத்தோலிக்கர் 'பிரியதத்தம்' என்றனர். சீர்திருத்தச் சபையார் 'கிருபை' என்றனர். இக்காலக் கத்தோலிக்கர் 'அருள்' என்கின்றனர். இவ்வாறு 'அருள்' மேலிருந்து கீழ்நோக்கி வரும் கொடைக்கு உரியதாகவே, மாந்தர் மாந்தர்மேல் வைப்பதையும் இறைவன்மேல் வைப்பதையும் குறிக்கும் பொறுப்பு வேறு சொற்களைச் சார்ந்தது.

சிநேகமும் அன்பும்

பழைய கத்தோலிக்க வழக்கில் அப்பொறுப்பைப் பெரிதும் ஏற்றது 'சிநேகம்' ஆகும். விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என மூன்று புண்ணியங்கள் கூறப்பட்டன. அயலார்மேல் வைப்பது 'பிறர்சிநேகம்' எனப்பட்டது. வடமொழியில் இச்சொல் நெய்ப்பொருளையும் அதன் ஒட்டும் தன்மையையும் குறித்துப் பின் நட்பையும் குறித்தது. நேயம், நேசம் என்பனவும் இதன் வழிவந்தவையே. 'நேயம்' தமிழில் நெய்யையும் குறிக்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962-65) பின் தேவசிநேகம் 'இறையன்பு' என்றும், பிறர்சிநேகம் 'பிறரன்பு' என்றும் மாறின. தொடர்புடையார்க்கே உரியதென உரையாசிரியர் வரையறுத்த சொல், 'பிறர்' என்பதோடு புணர்ந்து நின்றமை சொற்பொருள் விரிவுக்குச் சிறந்த சான்றாகும்.

சீர்திருத்தச் சபையார் மரபில் 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் இரு சொற்களையும் ஆள்கிறது. பேதுருவின் இரண்டாம் திருமுகம் நற்பண்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்கிறது. அவ்வடுக்கின் இறுதிப் படிகளாக அத்திருப்புதல் சகோதர சிநேகத்தையும் அதற்கு மேல் அன்பையும் வைக்கிறது. கிரேக்க மூலத்திலும் இவை இருவேறு சொற்கள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் கீழ்ப்படி 'சகோதர நேயம்' ஆகிறது, வேற்றுமை பேணப்படுகிறது. உடன்பிறந்தார்க்குரிய பற்று, அதற்குமப்பால் விரிதலே வளர்ச்சி என்பது இதனால் பெறப்படும்.

ஆயின் மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், பகைவர்மேல் அன்பு வைக்குமாறு கூறும் இடத்தில், ஐக்கியத் திருப்புதல் 'சிநேகி' என்னும் வினையை ஆள்கிறது. 22ஆம் அதிகாரத்தில் அதே கிரேக்க வினைக்கு 'அன்புகூர்' என்கிறது. இதனை ஒருமையின்மை எனக் குறை கூறுவோர் உளர். எனினும் 5ஆம் அதிகாரத்தில் முந்தைய அடியிலேயே அயலானைச் சிநேகித்தலும் சத்துருவைப் பகைத்தலும் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. பகைக்கு நேர் எதிர்ச்சொல் நட்பு. ஆதலின் நட்புப் பொருளுடைய வினை அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது எனக் கருத இடமுண்டு. திருவிவிலியமோ அங்கும் 'அன்பு கூர்' என்றே ஆண்டு, பகைவரைக் குறிக்கும் சொல்லின் ஈற்றில் 'உம்' சேர்க்கிறது. தொடர்புடையாரைக் கடந்து அன்பு எவ்வெல்லை வரை செல்ல வேண்டும் என்பதை இச்சிறு இடைச்சொல் உணர்த்திவிடுகிறது.

கூர் என்னும் உரிச்சொல்

இங்கு 'அன்புகூர்' என்னும் கூட்டுவினை ஆராயத்தக்கது. இதனை 'அன்பு செலுத்து' என்பதற்கு ஈடாகவே இன்று பயில்கிறோம். தொல்காப்பிய உரியியலோ, ஏற்கெனவே உள்ள ஒன்று மேலோங்குவதைக் 'கூர்ப்பு' உணர்த்தும் என்கிறது. எனவே அன்புகூர்தல் என்பதன் அடிப்படைப் பொருள் அன்பு மிகுதல். இல்லாததைத் திடீரெனப் படைத்தலன்று, இருப்பது மிகுதல். பவுல் வேண்டிய வளர்ச்சி தமிழில் வினையின் உள்ளேயே அமைந்துள்ளது எனலாம்.

ஐக்கியத் திருப்புதல், பிலிப்பியர்க்கு எழுதிய திருமுகத்தில் அன்புக்குப் 'பெருகு' என்னும் வினையைத் தருகிறது. எபேசியர் திருமுகத்தில், தலையாகிய கிறித்துவினுள் உறுப்புகள் முதிர்வதைக் கூறும் இடத்தில் 'வளர்' என்கிறது. பெருகுதல் நீர்க்கும் அளவுக்கும் உரியது. வளர்தல் உயிர்க்கும் உடலுக்கும் உரியது. மொழிபெயர்ப்பாளர் இவற்றை ஒன்றாக்கிவிடின் மூலத்தின் உவமை மறைந்துவிடும்.

மட்டாஞ்சேரி தரும் பாடம்

1652இல் கீழைநாட்டிலிருந்து வந்த ஆயர் அகத்தல்லா மயிலாப்பூரில் தடுத்து வைக்கப்பட்டார். கப்பலில் அவர் கொச்சி கொண்டுவரப்பட்டபோதும், தோமையார் கிறித்தவர் அவரைக் காண இசைவு கிட்டவில்லை. 1653 சனவரி 3இல் அவர்கள் மட்டாஞ்சேரியில் திரண்டு, இயேசு சபையாருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை எனச் சிலுவையைத் தொட்டு ஆணையிட்டனர். சிலுவையை எட்ட இயலாதோர் அதில் கட்டிய கயிறுகளைப் பற்றினர் என்பது மரபு. கூனன் குரிசு ஆணை எனப்படும் இந்நிகழ்ச்சியால் எழுந்த பிளவு இன்றும் முற்றிலும் நீங்கவில்லை.

இப்பிளவு அயலாரோடு நேர்ந்ததன்று. ஒரே சிலுவையை வணங்கியோரிடையே நேர்ந்தது. பகைவர்மேல் செல்லும் அன்பே அரிதென்று நாம் கருதுகிறோம். சகோதர சிநேகம் என்னும் கீழ்ப்படியும் அத்துணை எளிதன்று என்பதை மட்டாஞ்சேரி காட்டுகிறது. அடுக்கின் கீழ்ப்படியை விட்டு மேற்படியில் ஏற இயலாது.

முடிவுரை

'அன்பு' என்னும் சொல் உறவினர் எல்லையிலிருந்து பிறரையும் பகைவரையும் தழுவும் அளவுக்கு விரிந்தது. அவ்விரிவை மொழிபெயர்ப்பாளர், 'அருள்' பிறிதொரு பொருளுக்கு உரியதானமையால் நேர்ந்த நெருக்கடியிற் கண்டனர். இனி மொழிபெயர்ப்போர் சிநேகம், நேயம், அன்பு ஆகியவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்ளாது, அவற்றின் படிநிலையைப் பேணுதல் நன்று. சொல் விரிந்த அளவுக்கு வாழ்வும் விரிந்ததா என்பது மொழியியல் விடையிறுக்கக் கூடிய வினாவன்று. எனினும் 'கூர்' என்னும் உரிச்சொல், பயில்வோர் ஒவ்வொருவரிடமும் அவ்வினாவை எழுப்பியவண்ணமே உள்ளது.