கடைசியில் வரும் ‘வித்’

வேலை நேர்காணலில் பழைய மேலாளரைப் பற்றிக் கேட்கிறார்கள். ‘ஹீ வாஸ் ஈஸி டு கெட் அலோங்’ என்கிறோம். சொல்ல வந்தது புரிந்துவிடும்; ஆனால் வாக்கியம் பாதியில் நிற்கிறது. ‘ஈஸி டு கெட் அலோங் வித்’ என்பதே சரி. மூன்று சொல்லும் சேர்ந்த ஃப்ரேஸல் வெர்ப் அது.

தவறுக்குக் காரணம் நம் தமிழ்தான். ‘அவரோடு பழகுவது எளிது’ என்பதைப் ‘பழக எளியவர்’ என்று சுருக்குகிறோம். ‘ஓடு’ உருபு போனது நமக்குத் தெரிவதே இல்லை. ‘நான் எழுதிய பேனா’ என்பதிலும் ‘ஆல்’ மறைந்துதான் கிடக்கிறது. ஆங்கிலம் அப்படி விடாது. ஆள் வாக்கியத்தின் முன்னால் போய்விட்டாலும் அவருக்குரிய ‘வித்’ பின்னால் தங்கிவிடும். பேனாவுக்கும் ‘நைஸ் டு ரைட் வித்’தான்.

சில இடங்களில் பொருளே மாறிவிடும். ‘மை டீச்சர் இஸ் ஈஸி டு லுக் அப் டு’ என்றால், ஆசிரியரை மனதார மதிக்க முடிகிறது. கடைசி ‘டு’ விடுபட்டால், அகராதியில் சொல்லைத் தேடுவதுபோல் அவரைத் தேடிப் பிடிப்பது எளிது என்றாகும்!

கூடுதலாகச் சேர்ப்பவர்களும் உண்டு: ‘தி நாய்ஸ் இஸ் ஹார்ட் டு புட் அப் வித் இட்’. சத்தம்தான் முதலிலேயே வந்துவிட்டதே, ‘இட்’ எதற்கு?

எஸ்பிஎம் எழுதும் பிள்ளைகள் சந்தேகம் வந்தால் வாக்கியத்தை ‘இட் இஸ் ஹார்ட் டு புட் அப் வித் தி நாய்ஸ்’ என்று திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ‘தி நாய்ஸ்’ என்பதற்கு முன் எந்தச் சொல் நிற்கிறதோ, அதோடு பழைய வாக்கியத்தை முடிக்க வேண்டும்.