நாய்க்கும் நடுகல் எழுப்பியவர்கள் நாம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்த நாய் இறந்துபோகிறது. மறுநாள் வேலைக்குப் போகிறோம். கண்கள் வீங்கியிருக்கின்றன. என்னவென்று கேட்கிறார்கள். சொன்னதும், "நாய் செத்ததுக்கா இப்படி?" என்று சிரிக்கிறார்கள். அதன் பிறகு நாம் வாய் திறப்பதில்லை. இந்தத் துக்கத்தை வெளியே சொல்ல நம் மக்கள் வெட்கப்படுகிறார்கள். அந்த வெட்கம் நம் வரலாற்றுக்குப் பொருந்துகிறதா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கல்லில் நிற்கும் கோவிவன்

தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு நடுகல் கிடைத்தது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தைக்காக நடந்த பூசலில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எழுப்பிய கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் அந்தக் கல் சொல்கிறது.

அந்தக் காலத்தில் நடுகல் எடுப்பது சாதாரணக் காரியமாக இருக்கவில்லை. கல்லைத் தேர்ந்தெடுப்பது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என்று அதன் ஆறு படிகளைத் தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. அத்தனை மரியாதைக்குரிய ஒரு கல்லில் நாயின் பெயருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

கர்நாடகத்தில் ஆத்தகூர் என்ற ஊரில் இன்னொரு கல். அதன் கதை சோழர் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. 949-ஆம் ஆண்டு தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். எதிர்த் தரப்பில் நின்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், வீரமாகப் போரிட்ட மணலேரன் என்பவனிடம், "என்ன வேண்டும், கேள்" என்கிறான். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை! பிறகு ஒரு காட்டுப்பன்றி வேட்டையில் காளியும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. காளிக்குக் கோயில் முன்பு கல் நட்டு, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். அந்தக் கல் பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தோக்கியோவில் ஹச்சிக்கோ என்ற நாய்க்குச் சிலை இருப்பதை நம் பிள்ளைகள் அறிவார்கள். 1925-இல் இறந்துபோன பேராசிரியருக்காக 1935 வரை ரயில் நிலையத்தில் காத்திருந்த நாய் அது. அந்தக் கதையைச் சொல்லும்போது கோவிவனையும் சேர்த்துச் சொல்வோமே!

பால்மரக் காட்டின் துணை

இனி நம் பேராக்கிற்கு வருவோம். இந்நாட்டு ரப்பர் வரலாற்றில் கோலக்கங்சாருக்குத் தனி இடம் உண்டு. 1877-இல் அங்கு நடப்பட்ட மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. பின்னாளில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் வந்து லயங்களில் குடியேறினார்கள்.

குளிர்ந்த அதிகாலையில்தான் பால் நன்றாக வடியும். அதனால் இருட்டோடு பெரட்டுக்குப் போய், விளக்கு வெளிச்சத்தில் மரம் சீவ வேண்டும். காட்டுப்பன்றி வரும், பாம்பு வரும். சில தோட்டங்களில் புலி பயமும் இருந்தது. ஆளுக்கொரு நிரை என்பதால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் கிடைக்காது. அப்போது துணைக்கு இருந்தது பெரும்பாலும் வீட்டு நாய்தான். அதற்குச் சம்பளமும் இல்லை, செக்ரோலில் பேரும் இல்லை.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. தோட்ட மக்கள் முள்வேலிக்குள் வாழ்ந்த காலமும் உண்டு. இரவில் நாய் குரைத்தால் அதற்கு ஓர் அர்த்தம் இருந்த காலம் அது.

அதே காலத்தில் நாய்களுக்கும் ஒரு சோதனை வந்தது. போருக்குப் பின் மலாயாவில் வெறிநாய்க்கடி நோய் பரவியது. 1952-இல் கட்டாயத் தடுப்பூசியும், தெருநாய்களை அழிக்கும் நடவடிக்கையும் ஒன்றாக நடந்தன. நோய் கட்டுக்குள் வந்தது. மனித உயிரைக் காக்க எடுத்த நடவடிக்கை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கழுத்தில் பட்டை இல்லாத நாய்களுக்கு அது முடிவாக இருந்தது. ஒரு சிறிய உரிமத் தகடு உயிருக்கும் சாவுக்கும் நடுவே நின்றது.

தோட்டம் போனது, நாய் என்ன ஆனது?

சுதந்திரத்திற்குப் பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. பல தோட்டங்கள் கைமாறின. தொழிலாளர்களே தோட்டத்தை வாங்கட்டும் என்றுதான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்து வந்த ஆண்டுகளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயம் காலியானது. மக்கள் பட்டணத்துக்கு நகர்ந்தார்கள்.

இந்த இடப்பெயர்வைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். வீடு, வேலை, தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாம் பேசினோம். பேசாமல் விட்ட ஒன்று, லாரியில் ஏறாமல் நின்ற நாய்கள்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் நாயின் பெயர் மணி. குடும்பம் ஈப்போவுக்கு வந்தபோது கிடைத்தது அடுக்குமாடி வீடு. அங்கே நாய் வளர்க்க இடமில்லை. மணியைத் தோட்டத்துக் கோயில் பக்கம் குடியிருந்தவர்களிடம் ஒப்படைத்தார்கள். அதன் பிறகும் தாத்தா வாரம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போய்ச் சோறு வைத்துவிட்டு வருவாராம். ஒரு நாள் போனபோது மணி இல்லை. பாட்டி கடைசிவரை அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை. "பிள்ளைங்களுக்கே வீடு இல்லாத நேரத்துல நாயைப் பத்தி எப்படிப் பேசுறது?" என்பார்.

நேயர்களே, அந்த ஒரு கேள்வியில் நம் தோட்ட மக்களின் வரலாறே அடங்கியிருக்கிறது. பெரிய இழப்புகள் வரிசையாக நின்றன. அதனால் சிறிய இழப்புக்கு அழக்கூட அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஊசி போடச் சொன்னது பாவமா?

இன்றைய விடைகொடுத்தல் வேறு மாதிரி. நாய்க்குப் புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு என்று கால்நடை மருத்துவர் சொல்கிறார். வேதனை தாங்காத நிலையில் கடைசி ஊசி போடலாமா என்று கேட்கிறார். குடும்பமே தலைகுனிந்து நிற்கிறது. எங்கள் வீட்டு நாய்க்கு அந்த முடிவை எடுத்த அன்று, "ஊசி போடச் சொன்னது பாவமா?" என்று அம்மா என்னிடம் கேட்டார்.

நான் சொன்ன பதில் இதுதான்: "அதோட வலி முடிஞ்சுபோச்சும்மா. மிச்சத்தை நாமதான் தாங்கிக்கணும்." அந்த ஊசி முதலில் மயக்கத்தைத் தருகிறது, பிறகே மூச்சு அடங்குகிறது. கூடவே இருந்து தலையைத் தடவிக் கொடுத்தோம். நம் கையால் செய்யக்கூடிய கடைசிப் பணிவிடை அது.

உண்மையான பாவம் வேறெங்கோ இருக்கிறது. வீடு மாறும்போது நாயை நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகிறார்களே, அதுதான் பாவம். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017-இல் நடப்புக்கு வந்தது. விலங்கை வதைத்தால் 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளிவரை அபராதமோ, மூன்று ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. ஆனால் சட்டத்துக்குப் பயந்து வருவது அன்பாகாது.

நாம் செய்ய வேண்டியது

முன்னாள் தோட்ட மக்களின் ஒன்றுகூடல்கள் இப்போது அடிக்கடி நடக்கின்றன. சிலர் தோட்ட வரலாற்றை நூலாகவும் எழுதுகிறார்கள். மிக நல்ல முயற்சி. கங்காணி பெயர், கிராணி பெயர், தலைமையாசிரியர் பெயர் எல்லாம் அதில் வருகின்றன. இனி ஒரு பக்கம் நாய்களுக்கும் ஒதுக்குங்கள். எந்த லயத்தில் எந்த நாய், அதை எந்த மரத்தடியில் புதைத்தார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த மரங்கள் இன்று இல்லை. கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் நாயோடு எடுத்த பழைய படம் இருந்தால், அதன் பின்பக்கம் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பிள்ளைகள் அழுதால் அழட்டும். "வேற நாய் வாங்கித் தரேன்" என்று உடனே வாயை மூடாதீர்கள். இறந்த நாயின் இடத்தை அடுத்த நாய் நிரப்பாது. அது தனக்கென்று வேறு ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கல் கிடைப்பதும், எழுத்து வெட்டுவதும் கடினமான காலத்தில், எடுத்தனூர் மக்கள் ஒரு நாயின் பெயரை வெட்டி வைத்தார்கள். நம் கையில் பேனாவும் இருக்கிறது, தாளும் இருக்கிறது. மணியின் பெயரை நான் எழுதிவிட்டேன். உங்கள் வீட்டுப் பெயரை நீங்கள் எழுதுங்கள்.